வேரில் வெள்ளை பிடித்த கன்றுகள்

தாப்பா, மலேசியா,
9-8-1981

அன்பு மகள் எல்ஸிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த நியூசிலாந்துக் குளிரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் உன் வனப் படிப்பைப் படிக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, ஆனால் சொன்னால் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பசாருக்குப் போய்விடுகிறார். உன் கடிதம் மே மாதமே வந்துவிட்டது. இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது, திட்டாமல் படி.

நர்சரியில் பைன் கன்றெல்லாம் மஞ்சளடித்து வளராமல் நிற்கிறது, ஒரு பாத்தியில் மட்டும் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் வெள்ளை நூல், நான்தான் கண்டுபிடித்துக் கொளுத்த வைத்தேன் என்று உனக்குப் பெருமையாக எழுதினேன் அல்லவா. ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம், வேரில் வெள்ளையைக் கண்டால் தோண்டு, கொளுத்து என்றுதானே எங்களைப் பழக்கினார்கள். அந்தப் பாத்தி மட்டும் ஏன் பச்சையாக இருக்கிறது என்று இந்த மண்டைக்கு யோசிக்கத் தோன்றவில்லை. மண் போதாமல் மலையிலிருந்து, பழைய பைன் மரத்தடி மண் இரண்டு சாக்கு வந்ததே, அது அந்தப் பாத்திக்குத்தான் போட்டது. எங்கள் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் உடையப்பன் என் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு கிளாஸ் மைலோ வேறு வாங்கிக் கொடுத்தார். அது நோய் இல்லை, பைன் வேருக்கு மண்ணிலிருந்து சத்து எடுத்துக் கொடுக்கிற பூசணம், நல்லதையே கொளுத்திவிட்டீர்கள் அம்மா என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நாலு நாள் உன் கடிதத்தை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். மழைக்குள் கன்று தேறாவிட்டால் நர்சரியை மூடிவிடப் போவதாகத் துரை சொல்லியிருந்தார். மூடினால் இங்கே வேலை செய்கிற எட்டுப் பெண்களுக்கும் வேலை போகும், வீரம்மாவுக்குப் புருஷனும் இல்லை, மூன்று பிள்ளைகள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மண்டோரிடம் கடிதத்தை நீட்டி, என்னை நிறுத்துவதானால் நிறுத்துங்கள், கன்றைக் காப்பாற்றுங்கள் என்றேன். இரண்டு தடவை படித்தார். லோரியில் என்னையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். நீ எழுதியபடி பைன் மரத்தடி மண்ணைச் சின்ன வேர்களோடு அள்ளி வந்து, வெயில் படாமல் சாக்குப் போட்டு மூடி வைத்து, கன்று வைத்த ஒவ்வொரு பையிலும் ஒரு பிடி கலந்தோம்.

ஆறு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. நான் ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. அப்புறம் நுனியில் பச்சை ஏறியது. போன வாரம் ஒன்றைப் பிடுங்கினேன், வேரில் வெள்ளை! நான் அழுததைப் பார்த்து வீரம்மா, ஐயோ மறுபடியுமா என்று தீப்பெட்டி தேடினாள். முந்தாநாள் துரை வந்து பார்த்து, நர்சரி நடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மண்டோர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க மறைச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுலா அக்கா. வாயத் தொறந்தீங்க, எட்டு வீட்டுல அடுப்பு எரியுது" என்றார்.

பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்லும் பழக்கம் நம் வீட்டில் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன், நன்றி கண்ணு. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே, ஞாயிற்றுக்கிழமை கோயிலை விடாதே. ஆண்டவர் உன் படிப்பையும் உடம்பையும் ஆசீர்வதித்துக் காக்கட்டும். இனியும் நான் தப்பு செய்தால் இதே மாதிரி பூசி மெழுகாமல் எழுது, அம்மா என்று பார்க்காதே.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
இருதயமேரி