புகைக்குழாயில் பனியன்

வீட்டுக்காரரே,

“டீசல் இன்ஜினைக் கொன்னுட்டியே, இனி பாய்மரப் படகை வித்துத் தொலைப்போம்” என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தீர்களே, கீழே இறக்குங்கள். காலையில் புகைக்குழாயைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே உங்கள் காணாமல்போன பனியன். மழைத்தண்ணீர் புகாமல் அடைத்துவிட்டு மறந்த மகராசன் யார்? அதை உருவிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் உறுமிக் கிளம்பி, புகையும் கடல்தண்ணீருமாகப் பின்னால் கொப்பளித்தது. நான் தனியாக நின்று கைதட்டினேன்.

இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்தண்ணீர் இழுக்கும் பம்பின் ரப்பர் சக்கரம் வெடிப்பு விட்டிருக்கிறது. புதியது வாங்கப் போகிறேன். அதுவரை கடல்தண்ணீர் வரும் வால்வை மூடி, இன்ஜின் சாவியை அதன் கைப்பிடியிலேயே மாட்டியிருக்கிறேன். ஆசைப்பட்டுக் கிளப்பாதீர்கள், இன்ஜின் வெந்துவிடும்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். பனியன் ஊறுகிறது, கரி போகாது, கொடியாக ஏற்றிவிடலாம்.

அட, முக்கியமானதை விட்டேனே: சாயங்காலம் தரகர் வருவார். டீ கொடுங்கள். படகைக் கொடுக்காதீர்கள்.