ஹாலந்து தந்த தையல் மிஷின்

புதன், 5 பிப்ரவரி 1986

திருமுல்லைவாயில் குடிசைகளுக்கு இன்று கணக்கெடுக்கப் போனேன். கெங்கம்மாள் வீடு சாத்தியிருந்தது, உள்ளே அழுகை. எட்டிப் பார்த்தால் குழந்தை இடுப்பில் பழைய புடவை, மறுமுனை கட்டில் காலில். அவள் தொழிற்பேட்டையில் திருகாணி செய்யும் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் கேட்டேன். "அவுத்து உட்டா கெணத்துல போய் உழும். இன்னா பண்ணட்டும், நீயே சொல்லும்மா" என்றாள்.

சனி, 15 பிப்ரவரி

எங்கள் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் தரும் ஹாலந்து அம்மையார் வந்தார். மொழிபெயர்க்க நான். பெண்களைப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டார். கெங்கம்மாள் எழுந்தாள். "நாங்க வேலைக்குப் போய்கினு கீறோம். புள்ளைங்கள உட்டுட்டுப் போவ ஒரு எடம் வேணும். அவ்ளோதான்."

நான் வாய் திறக்குமுன் செயலாளர் ஜம்புலிங்கம் இங்கிலீஷில் முந்திக்கொண்டார். வீட்டிலிருந்தே சம்பாதிக்கத் தையல் மிஷின் கேட்கிறாளாம். அவள் கேட்டது அது இல்லை என்று எல்லார் எதிரிலும் சொன்னேன். அம்மையார் கனிவாகத்தான் பேசினார்: "குழந்தை தாயிடம் வளர்வதே நல்லது. நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம்."

அவர் வளர்ந்த விதம் அவருக்கு. பொம்பளை வாசல் தாண்டக் கூடாது என்பது ஜம்புலிங்கத்துக்கு. ரெண்டும் ஒத்துப்போச்சு, அதுக்குப் பேரு வளர்ச்சித் திட்டம். அப்புறம் அவளை எழுப்பிக் கேட்டது எதுக்கு?

திங்கள், 17 பிப்ரவரி

வேலை போயிற்று. "வரலட்சுமி, உன்னை மொழிபெயர்க்கத்தான் வைத்தோம்" என்றார் ஜம்புலிங்கம். மொழிபெயர்த்ததற்குத்தானே அனுப்புகிறார்?

ஞாயிறு, 13 ஏப்ரல்

குடிசைகளை ஒட்டி நிறுவனம் போட்ட ஷெட்டில் மிஷின்கள் இறங்கின. மாலை, போட்டோ, லட்டு.

வெள்ளி, 6 ஜூன்

தைக்க ஆளில்லை, தைத்தாலும் வாங்க ஆளில்லை. கெங்கம்மாளும் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாளும் மிஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, உத்தரத்தில் தூளி கட்டிவிட்டார்கள். யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். சரி என்றேன்.

வீட்டில் அம்மா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "நம்ம கழனில நாத்து நட்டவங்க புள்ளைக்கு நீ கால் கழுவி உடுவியா?"

தான் வளர்ந்த விதத்தையே சட்டமாக்குற ஆளைத் தேடி ஹாலந்துக்கு ஏன் போகணும்? எங்க ஊட்டுலயே ஒருத்தி கீறா.

வியாழன், 23 அக்டோபர்

ஜம்புலிங்கம் வேறொரு வெள்ளைக்காரரை ஷெட்டுக்கு அழைத்து வந்தார். தூளிகளைக் காட்டி, "மக்களின் தேவையைக் கேட்டு நாங்கள் செய்தது" என்றார் இங்கிலீஷில். எனக்குப் புரியும் என்று தெரிந்தேதான் சொன்னார். ஒரு பிள்ளைக்கு மூக்கைச் சிந்திவிட்டபடி நின்றேன்.

சாயங்காலம் கெங்கம்மாளிடம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஷெட்ட மூடச் சொன்னானா?"

"இல்ல."

"அப்ப உடும்மா."

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். நாளை அவளுக்குக் காலை ஷிப்ட். விடியும்போதே நான் போய் ஷெட்டைத் திறக்க வேண்டும்.