ஆயுத பூசையன்று பின்னோக்கி ஓடிய மீட்டர்

அனுப்புநர்:
இராஜம்மா த/பெ சின்னையா,
எண் 14, பாரிட் சாலை,
தெலுக் பங்லிமா காராங்.

பெறுநர்:
வட்டார மின்விநியோக அதிகாரி அவர்கள்,
கிள்ளான்.

பொருள்: வீட்டுக் காற்றாடியை மின்கம்பியுடன் முறைப்படி இணைத்துத் தரவும், துண்டிப்பு நோட்டீசைத் திரும்பப் பெறவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழ் அறிந்தவர் என்று கேள்விப்பட்டுத் தமிழில் எழுதுகிறேன். மலாய் மனுவும் இணைத்துள்ளேன். அதில் விவரம் இருக்கும், என் சந்தோஷம் இருக்காது.

1. மின்சாரம் திருடியதாக என் கணவர் வாசுவுக்கு நோட்டீசு வந்துள்ளது. 23ஆம் தேதி, தீபாவளிக்கு முந்திய வாரம், துண்டிப்பார்களாம். பாவம், அவருக்கு பியூஸ் போடக்கூடத் தெரியாது. காற்றில் சுழன்று மின்சாரம் தரும் அந்தக் காற்றாடியைச் செய்தவள் நான். தொழிற்சாலையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுவது என் வேலை. கழித்துப்போட்ட மோட்டாரையும் மெரந்தி மரப் பலகைகளையும் கொண்டு அதைச் செய்து, வீட்டு மின்சாரத்தோடு இணைத்தேன். அனுமதி கேட்காதது தவறுதான்.

2. சென்ற 9ஆம் தேதி ஆயுத பூசை. தையல் மெஷின், மிக்சி, விசிறி எல்லாவற்றையும் நிறுத்தி, பொட்டு வைத்து ஓய்வு கொடுத்தோம். மீட்டருக்கும் ஒரு பொட்டு வைத்தேன். காற்றாடிக்கும் ஓய்வு கொடுக்க நினைத்தேன், கடற்காற்று விடவில்லை. வீட்டில் செலவில்லாததால் மின்சாரம் முழுவதும் தங்கள் கம்பிக்குப் போனது. அந்த நேரம் பார்த்து மீட்டர் படிக்க ஒரு மலாய்த் தம்பி வந்தார். சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதையும் மேலே குங்குமத்தையும் கண்டு, யாரோ பெட்டியில் கைவைத்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டார். சுண்டலையும் வாங்கிக்கொண்டார். அவர்மேல் குறையில்லை.

3. ஐயா, சக்கரம் பின்னோக்கிப் போனதைப் பார்த்து நான் கைதட்டினேன். அடுத்த வீட்டு நல்லம்மாள் அக்காவின் விளக்கில் என் மின்சாரம் எரிந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. திருடுகிறவர் எடுப்பார். நான் கொடுத்தேன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள், தூற்றியதற்கா நோட்டீசு?

4. காற்றடிக்கும் ஒரு பிற்பகலில் தாங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும். எடுப்பதையும் கொடுப்பதையும் தனித்தனியே காட்டும் மீட்டர் வேண்டும். காற்றாடியைத் தனியே நிறுத்தப் பூட்டுள்ள சுவிட்ச் ஒன்றும் பொருத்தி, சாவியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

5. துண்டிக்க வருபவருக்கு வீட்டுப் பக்கமிருந்தும் மின்சாரம் வரும் என்பது தெரியாது. அவருக்கு ஆபத்து வரக்கூடாதென்று, நோட்டீசு வந்த அன்றே காற்றாடியைக் கயிற்றால் கட்டிவிட்டேன்.

கட்டிய நாளிலிருந்து இங்கே நல்ல காற்று, ஐயா. அவிழ்க்கலாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
இராஜம்மா

இடம்: தெலுக் பங்லிமா காராங்
நாள்: 16.10.1989