நானே மாற்றிய ஆயில்

ஜனவரி 5, திங்கள்

பனி. ராஜகிரிக் கோட்டைமலைக்கு இன்று அடிவாரமே இல்லை. உச்சி மட்டும் வெள்ளையில் மிதந்துகொண்டிருக்கிறது.

காரை எடுக்கப் போனால் எஞ்சினுக்கு நேர்கீழே சிமெண்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. புது ஆயில் போல. கருப்பில்லை, தேன் நிறம். விரலில் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ. பால்காரர் மணி அடித்த பிறகுதான் சுயநினைவு.

சனிக்கிழமைதான் திண்டிவனத்தில் கம்பெனி சர்வீசுக்கு விட்டு ஆயில் மாற்றிக்கொண்டு வந்தது. போன் போட்டேன். அங்கே பேசியவர்: "வாட்டர் வாஷ் பண்ணதுங்க மேடம். தண்ணி சொட்டியிருக்கும். ரெண்டு நாள்ல நின்னுடும்."

தண்ணீர் பிசுபிசுக்குமா? கேட்கவில்லை. நைனாவுக்கு டயாலிசிஸ் நேரம். திங்களும் வியாழனும் விழுப்புரம், பத்து மணிக்கு மெஷின். ஒரு வருடமாக இந்தக் கார்தான் அவருக்குக் கால்.

போய் வந்தாயிற்று. ஒன்றும் ஆகவில்லை. மெடிக்கல் கடைக்கு மதியம் போனேன். இருமல் மருந்து ஸ்டாக் இல்லை.

ஜனவரி 8, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பனமலை வழியாகப் போனோம். சுற்றுதான், ஆனால் நைனாவுக்கு ஏரி பார்க்க வேண்டும். ஏரி முழுக்கப் புகை மாதிரி பனி. நாரைகள் நிற்கிற மாதிரி இருக்கும், அடுத்த கணம் இருக்காது. "படகுல போறாப்புல இருக்குதும்மா" என்றார் நைனா. எனக்கும் அப்படித்தான். ரோடு தெரியாமல், சத்தம் தெரியாமல், கார் தானாகப் போவது போல.

அப்போது சிவப்பு விளக்கு. ஆயில் குறைந்தால் எரிகிற, எண்ணெய்க் கிண்ணப் படம் போட்ட விளக்கு. ஓட்டக் கற்றுக்கொண்டபோது சொன்னதில் மனதில் நின்ற ஒன்று: அது எரிந்தால் ஒரு அடி கூட ஓட்டாதே. அங்கேயே ஓரம்கட்டி அணைத்தேன்.

குனிந்து பார்த்தேன். எஞ்சினின் அடியில் பழைய ஆயிலை இறக்குகிற போல்ட்டு. அதன் நுனியில் ஒரு சொட்டு. அது விழுந்து, அடுத்த சொட்டு.

பஸ் வர ஒரு மணி நேரம். வேர்க்கடலை மூட்டை ஏற்றிய லோடு ஆட்டோவை மறித்தேன். நைனா முன்னால், நான் மூட்டை மேல். அவர் திரும்பித் திரும்பி நான் விழாமல் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

போய்ச் சேர 11.40. மெஷினை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மணி சுமாருக்கு வேறொரு மெஷின் காலியானது. நான்கு மணி நேரத்துக்குப் பதில் இரண்டரைதான். நர்ஸ்: "இன்னிக்கு தண்ணி கம்மியா குடிக்கச் சொல்லுங்க. மூச்சு வாங்கினா உடனே கூட்டியாந்துடுங்க."

சாயங்காலம் என் வீட்டுக்காரர் அருள் தன் ரேஷன் கடையைச் சாத்திவிட்டு ஸ்பேனரும் பெட்ரோல் பங்க்கில் கிடைத்த ஏதோ ஒரு ஆயிலும் எடுத்துக்கொண்டு ஏரிக்கு வந்தார். போல்ட்டில் கை வைத்தார். "ஸ்பேனரே வேணாம் ஸ்டெல்லா. கையாலயே திரும்புது."

முடுக்கி, ஆயில் ஊற்றி, கிளப்பினால் எஞ்சின் ஒன்றும் தெரியாதது போல ஓடியது.

ஜனவரி 9, வெள்ளி

நைனாவுக்குக் கால் வீக்கம். விரலால் அமுக்கினால் குழி. தலையணை மூன்று வைத்துச் சாய்ந்தபடி இருந்தார். என்ன மறைக்கிறாரோ.

கம்பெனிக்குப் புகார் எழுதி அனுப்பினேன். நைனா பட்டதும் சேர்த்து ஐந்து வரி. ஆறு தடவை படித்து, ஆறு தடவையும் கூர்மையாக்கினேன். மதியமே மேனேஜர் போன்: "அந்த வண்டிய செஞ்சவர வேலையிலேருந்து நிறுத்திட்டோம் மேடம்."

சந்தோஷமாக இருந்தது. பொய் எழுத இந்த நோட்டு எதற்கு? நிஜமாகவே சந்தோஷம்.

பங்க்கில் வாங்கிய ஏதோ ஆயிலை இறக்கிவிட்டு, இனி ஆயிலை நானே மாற்றுவது என்று முடிவு. அருள்: "இன்னாத்துக்கு? பஸ் ஸ்டாண்டாண்ட மெக்கானிக்கு இருக்காருல்ல."

"எவர் கையும் வேணாங்க."

ஜனவரி 11, ஞாயிறு

சர்ச்சில் பூசை. பிறகு போனில் வீடியோ, வீடியோ, வீடியோ. வாங்க வேண்டியது:

ஆயில், கம்பெனி புத்தகத்தில் சொன்ன அதே ரகம்
ஃபில்டர்
போல்ட்டுக்குப் புது வாஷர்
பழைய ஆயில் பிடிக்க அகலத் தட்டு
நைனாவுக்கு உப்பில்லாத பிஸ்கட்

ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாதாம். முன் சக்கரத்தை ஏற்றி நிறுத்த வெல்டிங் பட்டறையில் இரும்புச் சரிவு இரண்டு செய்யச் சொல்லி அருள் அளவு கொடுத்து வந்துவிட்டார். கேட்காமலே.

மதியம் கண் அசந்தேன். மலைப்படி முழுக்க மேலிருந்து தேன் நிறத்தில் ஏதோ மெதுவாக இறங்கி வருகிறது. நான் ஒதுங்காமல் நிற்கிறேன். பயமில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

ஜனவரி 14, புதன்

போகி. தெரு முழுக்கப் புகை. கோட்டையே காணோம்.

பதினொரு மணிக்கு மெடிக்கலுக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். மருந்துச் சீட்டு கொடுக்கவில்லை. "நான் முருகையன். உங்க வண்டிக்கு ஆயில் மாத்தினது நான்தாங்க. சர்வீஸ் சீட்டுல கடை அட்ரஸ் இருந்துச்சு."

கையில் இருந்த மாத்திரை அட்டையை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

"அன்னிக்கு ரெண்டு பேர் லீவு. போல்ட்ட கையால ஏத்திட்டேன். ஸ்பேனர் எடுக்கறதுக்குள்ள வேற வண்டிக்குக் கூப்ட்டாங்க. திரும்பி வந்தா உங்க வண்டிய வாஷிங்குக்குத் தள்ளிட்டாங்க. முடுக்கினதாவே நெனச்சிக்கினேன்."

"இப்ப இன்னா வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. அய்யா எப்படி இருக்காருன்னு கேட்டுட்டுப் போலாம்னு."

"இருக்காரு."

மருந்துக் கவர் ஒன்றைக் கேட்டு, அதில் போன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போனார். உட்காருங்கள் என்று கூடச் சொல்லவில்லை நான். புகைக்குள் இரண்டு கடை தள்ளிப் போனதும் ஆள் மறைந்துவிட்டார். வந்தாரா, நானே நினைத்துக்கொண்டேனா என்றிருந்தது. கவர் இருந்தது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நானே ஆயில் மாற்றும்வரை நம் காரை எடுப்பதில்லை; திங்களைப் போல இன்றும் வாடகைக் காரில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் முழுதாக. வீக்கம் வடிந்தது. நைனா இரண்டு வாய் பொங்கல் சாப்பிட்டு, நர்ஸிடம் சொல்லாதே என்றார்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல், விடுமுறை. காலை எட்டு மணி. கார் இரும்புச் சரிவில். நைனா நாற்காலியில். அருள் குப்புறப் படுத்து டார்ச் பிடித்தார்.

போல்ட்டைக் கழற்றினேன். சூடான ஆயில் முதலில் கயிறு போல, பிறகு நூல் போல, பிறகு மணி மணியாக. அவ்வளவு அமைதியாக நான் எதையும் பார்த்ததில்லை. தெருவில் ஒரு மாடு சலங்கையோடு போனது.

புது வாஷர். போல்ட்டை முடுக்கினேன். இரண்டாம் முறை சரிபார்த்தேன். மூன்றாம் முறை. முருகையன் விட்டதை நான் விடவில்லை என்று மனதுக்குள் ஒரு பெருமை. பழைய ஃபில்டரைத் திருகி எடுத்தேன், புதியதைத் திருகினேன். புது ஆயிலை ஊற்றும்போது வெயில் வந்து அதற்குள் இறங்கியது. கண்ணாடிக் கயிறு. அதிலேயே மயங்கி நின்றேன்.

சாவியைத் திருப்பினேன்.

"நிறுத்து, நிறுத்து" என்று அருள். முன்பக்கம் ஆயில் பீய்ச்சி அடித்து, அவர் முகம், சட்டை, தரை. நைனா இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். உடனே அணைத்துவிட்டேன்.

ஃபில்டரைத் திரும்பக் கழற்றினோம். அருள் முகத்தைத் துடைத்துக்கொண்டு டார்ச்சை உள்ளே காட்டினார். "ஸ்டெல்லா, இங்க பாரு. பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் எஞ்சின்லயே ஒட்டிக்கினு இருக்குது. அதும் மேலயே புதுச மாட்டிட்ட."

டார்ச்சை அணைத்துவிட்டு மரத்தூள் எடுக்கப் போனார். திட்டியிருக்கலாம்.

மரத்தூள் கொட்டித் தரையைத் துடைத்தேன். ரொம்ப நேரம் ஆனது. எனக்கு இன்று விடுமுறை. ஒரே ஒரு வண்டி. வெளிச்சம் பிடிக்க ஒரு ஆள். நடுவில் கூப்பிட யாருமில்லை. நாலு நாள் வீடியோ பார்த்திருந்தேன். அப்படியும்.

மதியம் அந்த நம்பருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். முருகையன் கேட்ட முதல் கேள்வி: "எவ்ளோ நேரம் ஓடிச்சு?"

"மூணு செகண்டு இருக்கும்."

"அப்ப எஞ்சினுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுங்க. பழைய ரப்பர எடுத்துட்டு, ஒக்கார்ற எடத்த துணியால தொடைங்க. புது ரப்பர்ல கொஞ்சம் ஆயில் தடவி மாட்டுங்க. போனது எவ்ளோவோ அத ஊத்துங்க. ஓடவுட்டு ஒரு தடவ கீழ பாருங்க. நான் லைன்லயே இருக்கறேன்."

இருந்தார். தரை காய்ந்தே இருந்தது. நன்றி சொன்னேன். மன்னிப்பு வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை.

ஜனவரி 17, சனி

நான் மாற்றிய ஆயிலில் திண்டிவனம் போனேன். தனியாக. வழியெல்லாம் விளக்குகளையே பார்த்துக்கொண்டு.

மேனேஜரிடம் இரண்டாவது கடிதம். புகாரைத் திரும்பப் பெறவில்லை. போல்ட்டு முடுக்காதது தப்பு, நைனா பட்டது நிஜம். கூடவே எழுதியது: பாதி வேலையில் ஆளைக் கூப்பிட்டதும் தப்பு, கறை பற்றிச் சொன்னபோது தண்ணீர் என்றதும் தப்பு. நானும் என் வீட்டில் இப்படி ஒன்றை விட்டேன். அவரைத் திரும்ப எடுங்கள்.

மேனேஜர் படித்தார். "நீங்க எழுதினதாலதானே மேடம் நிறுத்தினோம்?"

"ஆமாங்க. அதனாலதான் நானே வந்தேன்."

"மேல அனுப்பறேன்" என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 19, திங்கள்

பனி குறைவு. வழியில் நைனா தூங்கிவிட்டார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மெஷினில். கண் மூடிப் படுத்திருக்கிறார். சிவப்புக் குழாய் போகிறது, வருகிறது. பார்த்துக்கொண்டே எனக்கும் கண் சொருகுகிறது.

11.20. முருகையன் போன். வராந்தாவுக்கு வந்து பேசினேன்.

"சேந்துட்டேங்க. வாஷிங்ல போட்டிருக்காங்க. ஸ்பேனர் கையில குடுக்கல."

"எத்தினி நாளைக்கு?"

"தெர்லீங்க. அய்யாவுக்கு எப்படி?"

"மெஷின்ல இருக்காரு. நல்லா இருக்காரு." பிறகு, வெள்ளிக்கிழமை வாயைவிட்டு வராததைச் சொன்னேன். "அன்னிக்கு கடைக்கு வந்தப்ப ஒக்காரக் கூடச் சொல்லல. மனசுல வச்சிக்காதீங்க."

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க."

"அடுத்த ஆயில் ஜூலைல மாத்தணும். ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. போல்ட்டு நீங்க போடுங்க."

போனைக் காதோடு வைத்தபடி நின்றேன். அந்தப் பக்கம் ஏதோ ஒரு கார் மேல் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.