தினமும் ஒன்று, சாப்பிட்ட பின்

மார்ச் 4

என் தையல்காரிக்கு,

நலம்தானே? உன் அப்பா போனதும் நீ அண்ணன் வீட்டோடு போய் ஒரு வருடம் ஓடிவிட்டது. போனில் பேசினால் அப்பா ஞாபகம் வந்து அழுகிறேன், எழுது என்றாய். எழுதினால் பதில் போட மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறாய். இது நியாயமா?

ஒரு செய்தி. நான் படிக்கிறேன். சிரிக்காதே. ஆன்லைனில் மருந்தியல், அடிப்படைப் பாடம். பதினோரு வருடமாக மருந்துக்கடையில் நின்று சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறேனே தவிர, விழுங்கிய மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் கூட்டம் இல்லாதபோது, இன்சுலின் வைக்கும் பிரிட்ஜ் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கேட்கிறேன். மருந்து உடம்பை என்ன செய்கிறது என்பது பாதிதானாம். உடம்பு மருந்தை என்ன செய்கிறது என்பது மீதியாம். முதலாளி என்னை டாக்டரம்மா என்று கிண்டல் செய்கிறார்.

பரீட்சையை நினைத்தால்தான் பயம்.

அன்புடன்,
உன் மாத்திரை

மார்ச் 23

அடி மாத்திரை,

கணக்குப் பரீட்சைக்குப் பயந்து காய்ச்சலை வரவழைத்தவள் நீ. இப்போது மருந்தியலா? அண்ணியிடம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். நான் பள்ளிச் சீருடை தைக்கிறேன். முதுகு ஒடிகிறது.

நீ படிக்கிறாய் என்பதால் கேட்கிறேன். அப்பாவுக்குக் கடைசியில் வாயெல்லாம் ஏன் புண்ணானது? மூட்டுவலி மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது வாரமே தண்ணீர் குடிக்க முடியாமல் தவித்தார். ரத்தத்தில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் சூப்பை ஆறவைக்காமல் ஊட்டியிருக்கிறேன். வாய் வெந்து, அதில்தான் கிருமி பிடித்ததோ? இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாத்திரையில் மட்டும் ஒரு நாள் தவறவில்லை. "தினமும் ஒன்று, சாப்பிட்ட பின்" என்று நீ கவரில் எழுதியபடி நானே எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கவர் இன்னும் மிஷின் இழுப்பறையில் இருக்கிறது. உன் கையெழுத்து எவ்வளவு அழகு.

அன்புடன்,
தையல்காரி

ஏப்ரல் 30

அன்புள்ள உனக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். போனில் சொல்லத் தைரியம் இல்லை.

உன் கடிதம் வந்த வாரம் ஆறாவது பாடம். சில மருந்துகளில், குணமாக்கும் அளவுக்கும் உயிரை வாங்கும் அளவுக்கும் நடுவே நூலளவுதான் இடைவெளி. உதாரணமாகச் சொன்னது அப்பாவின் மாத்திரையை. மூட்டுவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் வாய் புண்ணாகும். அப்புறம் ரத்தம் ஊறுவது குறைந்துவிடும். கிருமி வந்தால் எதிர்க்க உடம்பில் தெம்பு இருக்காது.

பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டேன். கடையில் பழைய சீட்டுகளின் நகல்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இரண்டு நாள் தேடினேன். அப்பாவின் சீட்டு கிடைத்தது. டாக்டர் "வாரம் ஒன்று" என்று தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார். அன்று நல்ல கூட்டம். நான் உன்னோடு பேசிக்கொண்டே கவரில் எழுதினேன்.

உன் சூப் காரணமே இல்லை. நான்தான்.

முதலாளியிடம் காட்டினேன். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "போனவர் போயிட்டாரு. கிளறினா நீயும் மாட்டுவ, கடையும் போயிடும். கிழிச்சுப் போடு."

கிழிப்பதாகச் சொல்லி எடுத்து வந்துவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். நீ என்ன வேண்டுமானாலும் செய்.

இப்போது ஒவ்வொரு சீட்டையும் நாலு தடவை படிக்கிறேன். யாராவது பழைய கவரோடு கடைக்குள் வந்தால் நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருக்கிறது. பதினோரு வருடத்தில் எத்தனை கவர் எழுதியிருப்பேன்? ஒருவர் வழக்கமாக வந்துகொண்டிருந்து திடீரென்று வராமல் போனால், கடை மாற்றிவிட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

மாத்திரை

மே 16

உன் கடிதத்தை மிஷின் முன்னால் உட்கார்ந்து படித்தேன். அன்று ஒரு சீருடையும் தைக்கவில்லை. அண்ணன் வந்து என்ன என்று கேட்டான், சொல்லிவிட்டேன். அப்போதே வந்து கடையை நொறுக்குகிறேன் என்று கிளம்பினான். பிடித்து உட்காரவைத்தேன்.

ஒரு வருடத்துக்கு மேலாக, நான்தான் அப்பாவைக் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாரத்தை நீ இறக்கிவிட்டாய். அதற்காவது உனக்கு நன்றி சொல்லலாமா என்று யோசித்தேன். வரவில்லை.

கவரையும் சீட்டையும் நேற்று மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுத்தேன். நீ யார் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். உன்னைக் கூப்பிடுவார்கள். முதலாளி பேச்சைக் கேட்டு மாற்றிச் சொல்லிவிடாதே.

எத்தனை கவர் என்று கேட்டிருந்தாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கும் தூக்கம் இல்லை. அதிகாரி வரும்வரை காத்திருக்காதே. இந்த மாத்திரை வாங்கியவர்கள் சீட்டையெல்லாம் எடு. ஒவ்வொரு வீடாகப் போ. கவரைக் கையில் வாங்கி நீயே படித்துப் பார். திட்டினால் வாங்கிக்கொள்.

படிப்பை விட்டுவிடாதே.

எனக்கு இனி எழுதாதே. என்றைக்காவது நான் எழுதினால் படி.

அவர் மகள்