ஏப்ரலில் வெட்டிய மேப்பிள்

எங்கள் ஒழுங்கை கடலில் போய் முட்டும் இடத்தில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்கிற கொட்டம்பா மரம் இந்தக் கிழமை இலை கொட்டத் தொடங்கியிருக்கிறது. உள்ளங்கை அகல இலைகள், எல்லாம் சிவப்பு. மழையில் ஊறி ஒரு புளித்த வாசம். பாண் வாங்கப் போனவள் அந்த வாசத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஓட்டோக்காரன் "நோனா, பெத்தட்ட யன்ன" என்று சிங்களத்தில் கத்திய பிறகுதான் ஒதுங்கினேன்.

நீ கண்ணை மூடி மூன்று வருடமாகிறது. பேய் பிசாசுக்குப் பயந்தவள் இல்லை நான், உனக்குத் தெரியும். ஆனால் சிவப்பு இலையைக் கண்டால் இன்னும் நெஞ்சு பதறுகிறது. உன் வாசலில் நின்ற அந்த மரம் என்னை விடுகிறதாயில்லை.

கொட்டாஞ்சேனை வீட்டில் ஒரு ரோசாச் செடியைக்கூட உயிரோடு வைத்திருக்கத் தெரியாதவள் நீ. பம்பலப்பிட்டிக் கந்தோரில் இருபது வருடம் பக்கத்து மேசையில் இருந்தவள் சொல்கிறேன், உன் கையில் மணிபிளான்ட் கூடப் பிழைக்கவில்லை. அப்படிப்பட்டவள் மகனோடு கனடா போய், ஜப்பான் மேப்பிள் வளர்க்கிறேன் என்றதும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. முதல் மரத்தை நீ சேலை எடுக்கிற மாதிரித்தான் எடுத்தாய். இலை சரிகை பின்னினது போல இருந்ததாம், உடனே வாங்கிவிட்டாயாம். முதல் குளிருக்கே அது போய்விட்டது. அதன் பிறகு போனில் எனக்கு ஒரே பாடம்.

"இலையின்ரை வடிவைப் பார்த்து வாங்கக்கூடாதடி. எவ்வளவு குளிர் தாங்கும் எண்டு மரத்திலை கட்டியிருக்கிற துண்டிலை போட்டிருக்கும், அதைத்தான் பார்க்கோணும்."

இரண்டாவதை அப்படிப் பார்த்து வாங்கினாய். கிழக்குப் பார்த்த வாசலோரம், வடக்குக் காற்று அடிக்காத மூலையில், காலை வெயில் மட்டும் படும்படி நட்டாய். வேருக்கு மேல் மரப்பட்டைத் துண்டுகள் பரப்பினாய், அடிமரத்தில் முட்டாமல். குளிருக்குச் சணல் சாக்கு சுற்றினாய். பொலித்தீன் சுற்றினால் வெயில் எறிக்கும்போது உள்ளே அவிந்துபோகும் என்றாய். ஆறு குளிர்காலம் அப்படியே காப்பாற்றினாய். இவ்வளவு சொன்ன நீ, அது மற்ற மரங்களுக்குப் பிந்தித்தான் துளிர்க்கும் என்பதை மட்டும் சொல்லவில்லையா, அல்லது சொல்லியும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லையா? எத்தனை தரம் யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

உனக்கு வருத்தம் கடுமை என்று உன் மகன் கூப்பிட்டு நான் கனடா வந்து இறங்கியபோது ஏப்ரல் பிறந்திருந்தது. நீ ஆஸ்பத்திரியில். நான் உன் குசினியில் கஞ்சி காய்ச்சி, அவனோடு காரில் கொண்டுவருவேன். வாசலைத் தாண்டும்போதெல்லாம் அந்த மரம் கண்ணில் குத்தும். ஒரு இலை இல்லை. நான் கண்ட மரம் எங்கள் கொட்டம்பா. கொட்டினால் இரண்டு கிழமையில் தளிர் வந்துவிடும். அந்தக் கணக்கில் இரண்டு கிழமை பார்த்தேன். தெருவில் மற்ற மரங்களில் பச்சை பொடிப்பொடியாகத் தெரியத் தொடங்கியது. இதில் நுனிகளில் சிவப்பாக ஏதோ முட்டி நின்றது. அதைப் பூச்சி என்று நினைத்தேன், பார் என் அறிவை.

வருத்தக்காரி உள்ள வீட்டு வாசலில் பட்ட மரம் நிற்கக்கூடாது என்று மனதில் விழுந்துவிட்டது. உன்னை வீட்டுக்குக் கூட்டிவரும்போது நீ அதைக் காணக்கூடாது. ஒரு காலையில், மகன் வேலைக்குப் போனபின், கராஜில் கிடந்த கைவாளை எடுத்து அடியோடு அறுத்தேன். அறுத்த இடத்தில் தண்ணீர் துளித்துளியாக ஊறி வழிந்தது. பட்ட மரம் ஏன் இப்படி அழுகிறது என்று ஒரு கணம் கை நின்றது. பிறகு கிளைகளை அள்ளிக் கட்டினேன்.

பின்னேரம் மகன் வந்து பார்த்தான். "பட்டுப்போச்சு தம்பி, வெட்டிப்போட்டன்" என்றேன். "சரி அன்ரி" என்றான். பாவம், அவனுக்கு அப்போது மரமா பெரிது? "அம்மாட்டைச் சொல்லாதேங்கோ" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த நாளே நீ கேட்டாய்.

"என்ரை மேப்பிள் துளிர்த்திட்டுதே?"

"ஓம்."

"என்ன நிறம்?"

"சிவப்பு."

"ஏப்ரலிலையா?" என்றாய். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "போனிலை ஒரு படம் எடுத்துக்கொண்டு வாவன்."

மூன்று நாள் கேட்டாய். மூன்று நாளும் மறந்துவிட்டேன் என்றேன். நாலாம் நாள் நீ படம் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மே பிறந்து, குரல் நன்றாகத் தாழ்ந்த ஒரு நாளில் சொன்னாய்: "திரும்பவும் பனி விழுமாம். தளிர் கருகிப்போகும். ஒரு பெட்ஷீட்டாலை மூடிவிடு, என்ன?"

நான் மூடினேனடி. வீட்டுக்கு வந்து, உன் அலுமாரியில் ஒரு பெட்ஷீட் எடுத்து, அந்த அடிக்கட்டையைச் சுற்றிப் போர்த்தி, காற்றுக்குப் பறக்காமல் நாலு கல்லும் வைத்தேன். ஏன் செய்தேன் என்று என்னைக் கேட்காதே. விடியக் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாங்கள் காருக்கு ஓடும்போது அந்தப் பெட்ஷீட்டில் பனி வெள்ளையாக உறைந்திருந்தது.

உன்னை அடக்கம் செய்து ஒரு கிழமையில் எதிர்வீட்டு முற்றத்தில் நின்ற அதே சாதி மரம் துளிர்த்தது. இரத்தச் சிவப்பு. யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அன்றைக்கே உன் மகனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

போன மாதம் அவன் இங்கே வந்து, கொட்டாஞ்சேனையில் உனக்கு நினைவுப் பூசை வைத்தான். பூசை முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடிக்கும்போது சொல்கிறான்: "அம்மா போறதுக்கு முதலே அவவின்ரை மரம் பட்டுப்போச்சு. அம்மா போவா எண்டு அதுக்குத் தெரிஞ்சிருக்கு." சனம் கண்ணைத் துடைத்தது. "மரத்துக்கும் பாசம் இருக்குத்தானே" என்றது ஒரு மனுசி. அவன் என்னைப் பார்த்து, "அன்ரிதான் முதல் கண்டவ" என்றான். நான் தலையாட்டினேன்.

அந்தக் கதை இனி அவன் பிள்ளைகளுக்கும் போகும். அவனுக்கு அது ஆறுதல். அதைப் பிடுங்க எனக்கு வாய் வருகுதில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

மரத்துக்கு ஒன்றும் தெரியாது. நல்ல உயிரோடு நின்ற மரம் அது. நான்தான் வெட்டினேன். அந்த நாலு நாளில் ஒரு நாளாவது உன் கட்டிலருகில் இருந்து சொல்லியிருந்தால், அந்த நிலையிலும் எழும்பி இருந்து என்னைக் கிழி கிழியென்று கிழித்திருப்பாய். உன்னிடம் ஏச்சு வாங்காமல் உன்னை அனுப்பிவிட்டேன்.