மாமன் போட்ட வீடியோ

திருமழிசை
9.6.2025

அன்புத் தம்பி ஜெகனுக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. நாங்கள் நலம். முழு நலம் என்று பொய் எழுத மனம் வரவில்லை. நீ போனைத் தலைமுழுகிவிட்டு ஓசூரில் போய் உட்கார்ந்துகொண்டாய். நான் இங்கே தபாலாபீஸுக்கு அலைகிறேன். ஸ்டாம்ப் கேட்டால் அங்கே இருக்கும் பெண் என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

நம் பிரியா இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. தெருவில் யாராவது போனைத் தூக்கினாலே உள்ளே ஓடிவிடுகிறாள். அவளுடைய மஞ்சள் நீராட்டு விழாவில் நீ எடுத்துப் போட்ட வீடியோவை நீ அழித்துவிட்டாய், சரி. யார் யாரோ அதை வெட்டி ஒட்டிப் போட்டது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பச்சைப் பிள்ளையைப் பற்றிக் கீழே எழுதியிருப்பதையெல்லாம் நான் இங்கே எழுத மாட்டேன். புகார் கொடுத்தால், "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று கண்மூடித் திறப்பதற்குள் பதில் வருகிறது. மனிதர் யாராவது படித்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் வருமா?

அதனால்தான் அந்த வீடியோ ஆப்பை நடத்தும் கம்பெனி மேலும் அதன் முதலாளிகள் மேலும் வழக்குப் போட்டோம். நேற்று நம் வக்கீல் ஜெகதாம்பாள் அம்மா ஒன்று சொன்னார். கம்பெனியின் ஆள் உன்னைத் தேடி வந்தானாமே. தவறெல்லாம் என்னுடையது, கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று எழுதி உன்னிடம் கையெழுத்துக் கேட்டானாமே. நீ போட்டால் வழக்கு அன்றோடு முடிந்தது. போட்டுவிடவில்லையே? உடனே எழுது.

உன் அக்கா,
நாகவல்லி


ஓசூர்
16.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சானைக் கேட்டதாகச் சொல். பிரியாவிடம் சொல்ல வேண்டாம். அவளுக்கு என் பெயரைக் கேட்டாலே பிடிக்காது.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். அதில் எழுதியிருப்பது பொய் இல்லையே அக்கா. சடங்கு முடியும்வரை பிள்ளை மேல் யார் கண்ணும் படக்கூடாது என்று பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்டினவன் நான். தாய்மாமன் கட்டுவதுதான் முறை என்று வேறு யாரையும் ஓலையைத் தொடக்கூட விடவில்லை. அந்த நானே சீர்வரிசை, மேளம், பட்டுப்புடவையில் அவள் நின்றது எல்லாவற்றையும் போனில் போட்டேன். நம் பக்கத்தில் போடாத மாமன் யார்? சொந்தக்காரர்கள் பார்த்து நாலு இதயம் போடுவார்கள் என்று இருந்தேன்.

என் அறையில் இருக்கும் ஆவடிக்காரர் உத்தமன் அண்ணனும், "போட்டது நீ. கம்பெனிக்காரன் இன்னாப்பா பண்ணுவான்?" என்கிறார். எனக்குத் தண்டனை கிடைத்தாலாவது பிரியாவின் மனம் ஆறாதா?

தம்பி,
ஜெகன்


திருமழிசை
21.6.2025

ஜெகன்,

அன்பெல்லாம் கடைசியில். முதலில் கோபம்.

நீ செய்தது முட்டாள்தனம். அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் நீ காட்டியது சொந்தக்காரர்களுக்கு. முன்பின் தெரியாத ஆண்களைத் தேடித் தேடிப் பிடித்து அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? ஒருவன் பார்த்தால் அவனைப் போன்றவர்களுக்கெல்லாம் தானாகப் போய்ச் சேரும்படி செய்து வைத்திருக்கிறார்களாம். ஜெகதாம்பாள் அம்மா புரிய வைத்தார். நடுநடுவே விளம்பரம் வேறு. நீ அழித்த பிறகும், கெஞ்சிக் கெஞ்சி எழுதிய பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. நீ கதவைத் திறந்து வைத்தாய். உள்ளே புகுந்து பிள்ளையைச் சந்தையில் கொண்டுபோய் நிறுத்தினவனை விட்டுவிடச் சொல்கிறாயா?

தண்டனை வாங்கினால் மனம் ஆறும்தான், உன்னுடைய மனம். அவளுக்கு அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

தைரியம் இருந்தால் கோர்ட்டுக்கு வந்து சொல். ஜூலை பதினொன்றாம் தேதி விசாரணை. அவர்கள் வக்கீல் உன்னைக் கிழிப்பார். தாங்கிக்கொள்.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? சட்டை தொளதொளவென்று தொங்குகிறது என்று உன்னைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

பாசத்துடன்,
அக்கா


ஓசூர்
26.6.2025

அக்காவுக்கு,

அந்த ஆள் நேற்றும் வந்தான். உத்தமன் அண்ணன் பேனாவையே எடுத்து நீட்டினார். நான் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

விசாரணைக்கு வருகிறேன். போட்டவன் நான் என்று சொல்வேன். நிறுத்தச் சொல்லிக் கேட்டதையும், அவர்கள் சொன்ன பதிலையும் சேர்த்தே சொல்வேன். பயமாகத்தான் இருக்கிறது.

பூந்தமல்லியில் லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன். நான் வீட்டுக்கு வந்தால் பிரியா சாப்பிடக்கூட அறையை விட்டு வரமாட்டாள்.

ஜெகன்


திருமழிசை
30.6.2025

என் தம்பிக்கு,

லாட்ஜில் தங்கினால் காலை ஒடிப்பேன்.

உன் கடிதத்தை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பிரியா உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள். அவள் உன்னை மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்லவில்லை. இன்னும் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறாள், உன் பெயரை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இன்று காலையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நானும் கோர்ட்டுக்கு வர்றேன்" என்றாள்.

"நீ வரத் தேவையில்லன்னு வக்கீலம்மாவே சொல்ட்டாங்களே. அத்தினி ஜனம் இருக்கும்டி" என்றேன்.

என்னோடு சேர்ந்து கீரையைக் கிள்ளினாள். பிறகு சொன்னாள்:

"மாமா ஒண்டியா நின்னா எல்லாத்தியும் அவரு தலையிலயே கட்டிடுவாங்கம்மா. நான் கூட நிக்கிறேன்."

முந்தின நாளே வந்து சேர். நால்வருமாகப் போவோம்.

உன் அக்கா,
நாகவல்லி